வேன் மாமாவின் மேல் பல்

ஜோகுபாளையத்துப் பிள்ளைகளுக்கு ரவிக்குமாரின் பள்ளி வேன் என்றால் கொள்ளை ஆசை. வேன் ஒன்றும் புதுசு இல்லை. ஒரு ஜன்னல் பாதிக்கு மேல் திறக்காது. பின் சீட்டில் ஒரு ஸ்பிரிங் குத்தும். ஆனாலும் அதில்தான் போவோம் என்று அடம்பிடிப்பார்கள். காரணம், போர்டு ஆட்டம்.

ஆட்டம் ரொம்ப சுலபம். சிக்னலில் வேன் நிற்கும்போது எதிரே தூரத்தில் ஒரு பஸ் தலைகாட்டும். அதன் போர்டில் இருக்கும் நம்பரை யார் முதலில் படிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய். பெங்களூரு சிக்னலைப் பற்றித்தான் தெரியுமே, ஆட்டத்துக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் ஜெயிப்பது அத்தனை லேசில்லை. ஆட்டத்தில் ரவிக்குமாரும் உண்டு. பிள்ளைகள் "எங்கே, எங்கே?" என்று கழுத்தை நீட்டுவதற்குள் அவர் நம்பரைச் சொல்லி முடித்து, மிட்டாயைத் தன் வாயிலேயே போட்டுக்கொள்வார்.

"கண்ணா இது? கழுகு!" என்று மார்தட்டிக்கொள்வார்.

வேனில் எல்லாருக்கும் அவர் 'வேன் மாமா'. மகாவுக்கு மட்டும் சொந்த மாமா. அம்மாவின் தம்பி. அவர்கள் வீட்டிலேயே இருப்பவர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகாவுக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படிப்பட்ட வேனில் போன வாரத்திலிருந்து சத்தமே இல்லை. மாமாவுக்குப் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. பஸ் வந்தது, போனது. யாரும் நம்பர் சொல்லவில்லை. சொன்னாலும் மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததுதான் பெரிய கூத்து. இரண்டாம் வகுப்பு ரயான் தன் தெருமுனையில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். மாமா ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடி வேனை ஓட்டிக்கொண்டு அவனைத் தாண்டியே போய்விட்டார்!

"மாமா! ரயான்! ரயானை விட்டுட்டீங்க!" என்று மகா கத்தினாள்.

வேன் நின்றது. பின்னால் ரயான் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா சாந்தகுமாரி, ஒரு கையில் அவனுடைய தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"என்னா ரவி அண்ணா, நிக்கறது என் புள்ளயா, கரன்ட் கம்பமா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். "உங்களை நம்பித்தானே அனுப்பறோம்? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற வேன் பாத்துக்குவேன். ஆமா!"

மற்ற நாளாக இருந்தால் மாமா ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பார். அன்றைக்கு "தப்புதான்மா" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் சுண்டிப்போனதை மகா கண்ணாடியில் பார்த்தாள். ஒரு வீட்டார் வேறு வேன் பார்த்தால் அடுத்த வீட்டாரும் பார்ப்பார்கள். அப்புறம் மாமாவின் கதி?

அன்று சாயங்காலம் அம்மா சந்திரம்மா தம்பியை உட்காரவைத்து ஒரு பாட்டம் திட்டினார்.

"டேய் ரவி, வாயைத் திற. ஐயையோ, என்னடா இது, ஈறெல்லாம் வெள்ளையா வெந்துபோய் இருக்கு?"

"வலி மாத்திரையை நுணுக்கிப் பல்லு மேலயே வெச்சேன்கா. சீக்கிரம் கேக்கும்னு."

"மாத்திரையை முழுங்குவாங்களா, அப்பிக்குவாங்களா? உனக்கு மூளை இருக்கா? கிளம்பு, பல் டாக்டர்கிட்ட போலாம்."

"போலாம், போலாம். அடுத்த வாரம் போலாம்."

அந்தச் சமயம் பார்த்து மாடி வீட்டுச் சொர்ணம் ஆன்ட்டி வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதையும் போனிலேயே தேடி, போனிலேயே முடித்துவிடுவார். "இருங்க, நான் பாக்கறேன்" என்றவர், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பெரிய கிளினிக்கில் மாமாவுக்கு நேரம் வாங்கிவிட்டார். அஞ்சு ஸ்டார் கிளினிக்காம். போகிற இடம் மட்டும் கொஞ்சம் தூரம்.

சனிக்கிழமை மாமா குளித்து, தலை வாரி, வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா சாமியைக் கும்பிட்டார். ஒரு மணி நேரத்தில் மாமா திரும்பி வந்தார். அதே கன்னம், அதே வீக்கம்.

"என்னடா ஆச்சு?"

"பார்க்கிங் இல்லக்கா."

"என்னாது?"

"இவ்ளோ பெரிய வேனை எங்க நிறுத்தறது? நாலு சுத்து சுத்திப் பாத்தேன். வந்துட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை பெரிய ஆளு, ஊசிக்குப் பயந்து ஓடிவந்திருக்கான் பாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

ஆனால் மகாவுக்கு ஏதோ உறுத்தியது. மாமாவா ஊசிக்குப் பயப்படுவார்? போன வருஷம் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டபோது நர்ஸிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மகாவும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் துடைத்தாள்.

"மாமா."

"ம்."

"ஊசிக்குப் பயம் இல்லதானே?"

"ஊசியா? எனக்கா?"

"அப்போ எதுக்குப் பயம்?"

மாமா பைப்பை மூடினார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத மகா. சிரிப்பாங்க. இது மேல் பல்லு. மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நானே பாத்தேனே! எங்க அப்பா, அதான் உங்க தாத்தா, மேல் பல்லுதான் பிடுங்கினாரு. கொஞ்ச நாள்ல கண்ணு மங்க ஆரம்பிச்சது. கடைசியில எதிர்ல நிக்கற என்னையே யாருன்னு கேட்டாரு." மாமாவின் குரல் கம்மியது. "எனக்குக் கண்ணுதான்டா சோறு போடுது. கண்ணு போனா வேன் போச்சு. உங்களையெல்லாம் யாரு பத்திரமா கூட்டிட்டுப் போறது? வலியைப் பொறுத்துக்கலாம். அதைப் பொறுத்துக்க முடியாது."

மகாவுக்கு மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஊரே கோழை என்று சிரிக்கிறது. அவரோ வேனையும் பிள்ளைகளையும் நினைத்து வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, எனக்கு மேல் பல்லு நாலு விழுந்துச்சே. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே?"

"அது பால் பல்லு. பால் பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்ல. பெரியவங்க யாராவது மேல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு, அதுக்கப்புறமும் கண்ணு நல்லா இருக்கறவங்களைக் காட்டு பாக்கலாம். அப்போ நம்பறேன்."

"காட்டினா டாக்டர்கிட்ட வருவீங்களா?"

"முதல்ல காட்டு" என்றார் மாமா, பைப்பைத் திறந்தபடி. காட்டமுடியாது என்று அவருக்கு அத்தனை நிச்சயம்.

அது போதும் மகாவுக்கு. துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஆனால் பாருங்கள், ஊரில் இத்தனை வாய் இருக்கிறது, ஒருவர் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? துணி தேய்க்கும் ரகுராம் அங்கிளிடம் போய், "அங்கிள், உங்களுக்கு மேல் பல்லு இருக்கா?" என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டு, "என்னைப் பாத்தா கிழவன் மாதிரியா இருக்கு?" என்று முப்பத்திரண்டையும் காட்டினார். பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. மகாவுக்குத்தான் ஏமாற்றம்.

திங்கட்கிழமை அவள் வேனில் கடைசி சீட்டுக்குப் போனாள். வேன் கூட்டாளிகளான சஞ்சயையும் இளவேனிலையும் ரயானையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ரகசியம். முன்னாடி மாமாவுக்குக் கேக்கக்கூடாது," என்றாள். "வீட்டுல யாராவது பெரியவங்களுக்கு மேல கடைவாய்ப் பல்லு பிடுங்கியிருக்காங்களான்னு பாத்துட்டு வரணும். கண்ணு நல்லாத் தெரியறவங்களா இருக்கணும்."

"எதுக்கு?" என்றான் சஞ்சய்.

"அது சொல்லக்கூடாது."

செவ்வாய்க்கிழமை காலை சேதி வந்தது. ஒன்றும் சரியில்லை.

"எங்க அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னேன். நீ முதல்ல புத்தகத்தைத் திறன்னு சொல்லிட்டாரு" என்றான் சஞ்சய்.

"எங்க பெரியப்பாவுக்கு மேல மூணு பல்லு இல்ல" என்றாள் இளவேனில்.

"அட! கண்ணு?"

"சோடாபுட்டிக் கண்ணாடி."

"போச்சு! அவரைக் காட்டினா மாமா சாகற வரைக்கும் டாக்டர்கிட்ட போகமாட்டார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு மகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. ரயான் மட்டும் அவள் கையைச் சுரண்டினான்.

"அக்கா, எங்க அம்மாவுக்கு மேல ரெண்டு பல்லு இல்ல. நான் சிரிக்கவெச்சுப் பாத்தேன்."

மகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரயான் அம்மாவா! வெள்ளிக்கிழமை தெருவில் நின்று கத்தினாரே, அவரா!

என்ன செய்வது? மாலையில் பள்ளி விட்டு வந்ததும், மகா மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரயான் வீட்டுக்குப் போனாள்.

சாந்தகுமாரி ஆன்ட்டி ஆரி வேலை செய்கிறவர். கல்யாண ரவிக்கைகளில் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பார். அன்றும் ஒரு மரச்சட்டத்தில் சிவப்புப் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். கடுகைவிடச் சின்ன மணிகள். ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதும் மகாவின் கண்ணுக்கே தெரியவில்லை. ஆன்ட்டி கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் வாயைத் திறக்கறீங்களா?"

"என் வாயா? திறந்தா தாங்கமாட்டே. உங்க மாமாவைக் கேட்டுப் பாரு" என்றார் ஆன்ட்டி, தலையை நிமிர்த்தாமல்.

"சண்டை இல்ல ஆன்ட்டி. பல்லு பாக்கணும். மேல் பல்லு பிடுங்கினதுக்கு அப்புறமும் உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

ஊசி நின்றது. ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்காகக் கேக்கற?"

"ஒருத்தருக்காக."

"அந்த ஒருத்தர் கன்னம் வீங்கிப்போய் வேன் ஓட்டறாரா?"

மகா தரையைப் பார்த்தாள். "நான் யார் பேரையும் சொல்லல ஆன்ட்டி. சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

ஆன்ட்டி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை என் புள்ளயை விட்டுட்டுப் போனது இந்த வலியிலதானா? ச்சே. காரணம் தெரியாம கத்திட்டேன்." அவர் மகாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டார். "எனக்கும் இதே பயம் இருந்துச்சு கண்ணு. எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்க. மேல் பல்லு போனா கண்ணு போச்சு, கண்ணு போனா ஊசி போச்சுன்னு மாசக்கணக்கா வலியோட தைச்சேன். ஒருநாள் வலி தாங்காம ஊசியை விரல்ல ஏத்திக்கிட்டேன். பட்டுத்துணி பூரா ரத்தம். அன்னிக்குத்தான் வீணான்னு ஒரு டாக்டர்கிட்ட ஓடினேன்."

"பிடுங்கினப்புறம்?"

ஆன்ட்டி வாயை 'ஆ' என்று திறந்து காட்டினார். மேலே வலப்பக்கம் இரண்டு பல் இருக்கவேண்டிய இடம் காலி. அப்புறம் சட்டத்தைத் தட்டினார். "இதோ பாரு. ராத்திரிப் பகலா இதைத்தான் தைக்கறேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல."

மகா குதித்தாள். "அந்த டாக்டர் எங்க இருக்காங்க? பார்க்கிங் இருக்கா?"

"பார்க்கிங் எதுக்கு? நம்ம பேக்கரிக்கு எதிர்ல, மெடிக்கல் ஷாப் மாடியில. நடந்தா அஞ்சு நிமிஷம். இந்த ஏரியாவுல பாதிப் பேர் பல்லு அவங்க கைபட்டதுதான்."

பேக்கரிக்கு எதிரிலா! தினமும் வேன் அந்த வழியாகத்தான் போகிறது. ஊரில் உள்ள போர்டையெல்லாம் படிக்கும் மாமா அந்த போர்டைப் பார்க்கவே இல்லையா, இல்லை பார்த்தும் பார்க்காதது போல் போனாரா?

மறுநாள் சாயங்காலம். வேன் மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, கடைசியாக ரயானின் தெருமுனையில் வந்து நின்றது. மகாவும் ரயானும், வேடிக்கை பார்ப்பதற்காகத் தங்கள் வீட்டில் இறங்காமல் உட்கார்ந்திருந்த சஞ்சயும் இளவேனிலும் மட்டும் உள்ளே. சாந்தகுமாரி ஆன்ட்டி தயாராக நின்றிருந்தார்.

அவரைப் பார்த்ததும் மாமா பரிதாபமாக, "இன்னிக்குச் சரியான இடத்துலதான் நிறுத்தியிருக்கேன்மா" என்றார்.

"அது கிடக்கட்டும் ரவி அண்ணா. உங்களுக்குக் கழுகுக் கண்ணாமே? ரயான் சொன்னான். என்கூட ஒரு போர்டு ஆட்டம் ஆடறீங்களா?"

வலி இருந்தாலும் மாமாவின் ரோஷம் எங்கே போகும்? கீழே இறங்கினார். "ஆடலாமே."

ரோட்டின் கோடியில், மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் திரும்பியது.

"முன்னூத்தி நாலு!" என்றார் மாமா பட்டென்று.

"முன்னூத்தி நாலு பி" என்றார் ஆன்ட்டி. "கண்ணாடியில இடப்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர், எலுமிச்சம்பழம் போட்டது."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் கிட்டே வந்தது. முந்நூற்று நான்கு. பக்கத்தில் குட்டியாக ஒரு பி. கண்ணாடியின் இடப்பக்கத்தில், சிரிக்கிற எலுமிச்சம்பழம்!

"ஆன்ட்டி ஜெயிச்சுட்டாங்க! மாமா அவுட்!" பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

மாமா திகைத்து நின்றார். "எப்படிம்மா? என்னையே..."

"இப்படித்தான்" என்று ஆன்ட்டி நடுத்தெருவில் வாயை அகலத் திறந்து, காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "மேல் பல்லு. ஒண்ணு இல்ல, ரெண்டு. பிடுங்கி நாலு வருஷம் ஆச்சு."

மாமா ஆன்ட்டியின் வாயைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மகாவைப் பார்த்தார்.

"நான் சொல்லல மாமா. அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள் மகா. "நீங்க காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன்."

"ஆட்டம் இன்னும் முடியல" என்றார் ஆன்ட்டி. "அதோ, மெடிக்கல் ஷாப் மேல ஒரு போர்டு இருக்கே. அதைப் படிங்க பாப்போம்."

மாமா எச்சில் விழுங்கினார். "டாக்டர் வீணா... பல் மருத்துவர்... மாலை அஞ்சு மணி முதல்..."

"மணி என்ன மாமா?" என்றாள் மகா.

"அஞ்சே கால்" என்றார் மாமா, வசமாக மாட்டிக்கொண்ட குரலில்.

சஞ்சயையும் இளவேனிலையும் வீட்டில் விட்டு, வேனைத் தங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மாமாவும் மகாவும் நடந்தே போனார்கள்.

வீணா டாக்டர் கன்னடக்காரர். ஆனால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "பன்னி, பன்னி" என்று கன்னடத்திலும் "உள்ளே வாங்க" என்று தமிழிலும் சிரித்த முகமாகக் கூப்பிட்டார். மாமாவை நாற்காலியில் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்தும் பார்த்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாம். இப்போ பல்லே மிச்சம் இல்ல, வேர்தான் இருக்கு. பிடுங்கத்தான் வேணும்."

மாமா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். விஷயம் வெளியே வந்துவிட்டது. "டாக்டர், எங்க அப்பாவுக்கு மேல் பல்லு பிடுங்கினப்புறம்தான் கண்ணு போச்சு."

"பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்குப் போற நரம்பு வேற" என்றார் டாக்டர். "அப்பாவுக்கு அப்போ எத்தனை வயசு?"

"அறுபத்தஞ்சு இருக்கும்."

"மாமா" என்று மகா குறுக்கிட்டாள். "அப்போ தாத்தாவுக்கு முடி நரைச்சிருந்துச்சா?"

"பூரா வெள்ளை."

"பல்லு பிடுங்கினதாலதான் முடி நரைச்சதுன்னு நீங்க சொல்லலியே?"

மாமா வாயைத் திறந்தபடியே இருந்தார். டாக்டர் பார்ப்பதற்காகத் திறந்தது இல்லை, பதில் சொல்லத் திறந்தது.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதேதான்! வயசானா பல்லும் ஆடும், கண்ணுல புரையும் வரும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா ஒண்ணு மேல ஒண்ணு பழி போடறாங்க. சரி, இந்தப் பல்லு எப்படிக் கெட்டது? இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"போர்டு ஆட்டத்துல ஜெயிக்கறப்போ எல்லாம் கடலை மிட்டாய்" என்றாள் மகா. "இவர்தான் தினமும் ஜெயிப்பாரு."

"ராத்திரி பல் தேய்ப்பீங்களா?"

"காலையில தேய்க்கறேனே டாக்டர், நல்லா அழுத்தி!"

"அதுவும் தப்பு. அழுத்தித் தேய்ச்சா ஈறு தேயும். மெதுவா, காலையிலும் ராத்திரியிலும். ராத்திரி தேய்ச்சப்புறம் தண்ணி மட்டும்தான்." டாக்டர் மகா பக்கம் திரும்பினார். "நீயும் வா, உன் பல்லையும் பாத்துடலாம்."

மகா தயங்காமல் ஏறி உட்கார்ந்தாள். கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி ஆரம்பமாகியிருந்தது. சின்னதுதான். உடனே சுத்தம் செய்து அடைத்துவிட்டார். வலிக்கக்கூட இல்லை. மாமாவைப் போல் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் மகாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மாமாவுக்கு வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, சனிக்கிழமை வந்து பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

சனிக்கிழமையும் வந்தது. மாமா பாயில் மல்லாந்து படுத்திருந்தார்.

"மகா, வலியே இல்லடா. வீக்கமும் வடிஞ்சிடுச்சு. இனிமே எதுக்குப் பிடுங்கணும்?"

மகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மாமா, வேன் பிரேக் கீச்சுன்னு கத்துது. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா பிரேக் சரியாயிடுமா?"

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார். மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு கை நாற்காலியை, இன்னொரு கை மகாவைப் பிடித்திருந்தது. மகாவின் விரல்கள் நசுங்கின. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆச்சு!" என்றார் டாக்டர். பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் கடிச்சுப் பிடிச்சுக்கங்க. பேசக்கூடாது" என்றார்.

பல் தட்டில் கிடந்தது. ஆனால் மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயா, முடிஞ்சது. கண்ணைத் திறங்க."

மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூடிய இமைகள் நடுங்கின. திறந்தால் இருட்டாக இருந்துவிட்டால்? அந்தப் பயம் மகாவுக்குப் புரிந்தது. அத்தனை பெரிய மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவள் குனிந்து அவர் காதருகே, "மாமா! போர்டு ஆட்டம்! பஸ் வருது! நான்தான் ஜெயிக்கப் போறேன்!" என்று கத்தினாள்.

படாரென்று மாமாவின் கண்கள் திறந்துகொண்டன. தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. ரோட்டின் கோடியில், மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ்.

வாயில் பஞ்சு. பேசமுடியாது. மாமா கையைத் தூக்கினார். மூன்று விரல் காட்டினார். அப்புறம் கையை மூடி ஒரு சைபர். அப்புறம் நான்கு விரல். அதோடு நிற்காமல், காற்றில் குட்டியாக ஒரு 'பி' எழுதினார்.

"அடேயப்பா!" என்று டாக்டர் கை தட்டினார்.

மாமாவின் கண்களில் தண்ணீர் தளும்பியது. அதைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஜன்னல் வழியே பார்த்தார். பேக்கரியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மகாவைப் பார்த்தார். பஞ்சோடு சேர்த்து அவர் சிரித்த சிரிப்பு கோணல்மாணலாக இருந்தது. மகாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் வேன் பழைய வேன் ஆகிவிட்டது. ரயானின் தெருமுனையில் மாமா சாந்தகுமாரி ஆன்ட்டிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் கதவையே திறந்தார். போர்டு ஆட்டமும் ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம், கடலை மிட்டாய் டப்பாவில் இப்போது வறுத்த வேர்க்கடலை.

"இது என்ன மாமா பரிசு!" என்று கடைசி சீட்டில் சஞ்சய் முணுமுணுத்தான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பாக்கெட்டிலிருந்து ஒரு ஜெல்லி மிட்டாயை எடுத்து, சத்தமில்லாமல் வாய்க்குள் தள்ளினான்.

வேன் சிக்னலில் நின்றது. மாமா திரும்பக்கூட இல்லை, தலைக்கு மேலிருந்த கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"சஞ்சய், சிவப்பு ஜெல்லி. ஸ்கூல் போனதும் வாயைக் கொப்புளிச்சிடு."

வேனில் அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"ஐயோ மகா! உங்க மாமாவுக்குக் கண்ணு முன்னைவிட நல்லாத் தெரியுதே!"